ஐந்து கட்டங்களும் அதிகாலை ஐந்தரையும்

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் சர்வர்களைப் பார்த்துக்கொள்கிறேன். இரவு பேக்கப், காலையில் அலுவலகத்துக்குப் போகும் நூல் இருப்புப் பட்டியல், மாதச் சம்பள அறிக்கை எல்லாம் க்ரானை நம்பித்தான் ஓடுகின்றன. குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் நிரல் இது, 1970-களிலேயே யூனிக்ஸ் இயங்குதளத்தோடு வந்துவிட்டது. இன்று லினக்ஸில் நாம் பயன்படுத்துவது பெரும்பாலும் 1987-இல் பால் விக்ஸி எழுதிய க்ரானின் வழிவந்தது. இத்தனை காலம் நிலைத்த ஒன்றின் மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை. இந்த ஐந்து கட்டங்கள்தான் அதன் மொழி. * போட்ட கட்டத்தில் எது வந்தாலும் சரி என்று பொருள். ஆகவே `30 0 * * *` என்றால் தினமும் நள்ளிரவு 12:30. எங்கள் சர்வர்களோ யு.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன, அது இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும், ஆகவே அந்த வரி இயங்கும்போது இங்கே காலை 6 மணி. ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக் கழிப்பது யாருக்கும் சீக்கிரம் பழகிவிடும். சிக்கல் நாள் மாறும் இடத்தில்தான் இருக்கிறது.

சம்பள அறிக்கை முதல் தேதி அதிகாலை 5 மணிக்கு வேண்டும் என்று கணக்குப் பிரிவில் கேட்டார்கள். யு.டி.சி.யில் அது முந்தைய நாள் இரவு 11:30, அதாவது போன மாதத்தின் கடைசி நாள். அந்த நாள் 28, 29, 30, 31 என்று மாதத்துக்கு மாதம் மாறும். 'மாதத்தின் கடைசி நாள்' என்று சொல்ல இந்த ஐந்து கட்டங்களில் வழியே கிடையாது. `30 23 28-31 * *` என்று போட்டுவிட்டு, நாளை முதல் தேதிதானா என்று, அந்த வரி ஓட்டும் சிறு நிரலான ஸ்கிரிப்டுக்குள் சோதிக்கலாம். அதற்குப் பதிலாக நான் கணக்குப் பிரிவுக்கே நடந்துபோய், "அரை மணி நேரம் தள்ளிக்கொள்ளலாமா?" என்று கேட்டேன். தாராளமாக என்றார்கள். 5:30 என்றதும் வரி `0 0 1 * *` ஆகிவிட்டது. யு.டி.சி.யில் நாள் பிறப்பது நம் ஐந்தரைக்குத்தான். அதன்பின் நம் நள்ளிரவு வரை இரண்டு இடத்திலும் ஒரே தேதி, ஒரே கிழமை.

தேதியும் கிழமையும் சேர்ந்து வரும் வரி இன்னும் மோசம். `0 6 1 * 1` என்பதைப் பார்த்தால் (கடைசி 1 திங்கட்கிழமையைக் குறிக்கும்), முதல் தேதி திங்கட்கிழமையாக வந்தால் மட்டும் ஓடும் என்று தோன்றும். உண்மையில் ஒவ்வொரு முதல் தேதியும் ஓடும், ஒவ்வொரு திங்களும் ஓடும். மற்றக் கட்டங்கள் எல்லாம் பொருந்தியாக வேண்டும். இந்த இரண்டிலும் எண் இருந்தால் மட்டும், ஏதாவது ஒன்று பொருந்தினால் போதும். மாதத்தின் முதல் திங்கள் வேண்டுமென்று `1-7`-உடன் கிழமையையும் சேர்த்தால் முதல் ஏழு நாளும் ஓடி, மிச்சத் திங்கள்களிலும் ஓடும். கிழமையை ஸ்கிரிப்டுக்குள் பார்ப்பதுதான் சரி.

நிமிடக் கட்டத்தில் `*/45` என்று போடுவதும் இப்படித்தான். 45 நிமிடத்துக்கு ஒருமுறை அல்ல. ஒவ்வொரு மணியிலும் 0, 45 ஆகிய நிமிடங்களில். இடைவெளி ஒருமுறை 45, அடுத்தது 15.

அதனால் எங்கள் குழுவில் ஒவ்வொரு வரிக்கும் மேலே ஒரு குறிப்பு கட்டாயம். புதிதாகச் சேர்ந்த தம்பி, "தமிழிலேயே எழுதலாமா, அண்ணா?" என்று கேட்டார். தாராளமாக எழுதலாம், # போட்ட வரியை க்ரான் தொடாது. சம்பள வரிக்கு மேலே அவர் எழுதியது இது:

`# முதல் தேதி, இந்திய நேரம் காலை 5:30. இதற்கு முன்னால் நகர்த்தக் கூடாது, மாதம் மாறிவிடும். நேரத்தை மாற்றும் முன் கணக்குப் பிரிவில் கேட்கவும்.`