கோட்டை மானும் மருமகனின் கணக்கும்

திருகோணமலைக் கோட்டை வாசலைத் தாண்டியதும் என் கண், உள்ளே கோயில் கொண்ட கோணேசருக்கு முன்னம் மானைத்தான் தேடும். கோணேசர் கோபிக்கமாட்டார். போன மாதமும் அப்படித்தான். கச்சான் வண்டிக்குப் பக்கத்தில் ஒரு புள்ளிமான் சொப்பிங் பேக் ஒன்றை மென்றுகொண்டு நின்றது. வண்டிக்காரர் "சூ" என்றார். காது மட்டும் திரும்பியது, கால் அசையவில்லை.

"பயமே இல்லாமல் போச்சு. நாலு சிறுத்தையை விட்டால் சரி" என்றேன். கூட வந்த மருமகன் பேராதனையில் விலங்கியல் படிக்கிறவன். அவனிடம் பகிடி எடுபடவில்லை.

"எங்கை மாமா விடப்போறீங்கள்? சாப்பாடு இருக்குது, சரி. பகலில் படுக்க இடம்? இரவில் கடைத்தெருவுக்கு இறங்கினால்?"

கோயிலடிக்கு ஏறும் வரை பாடம் நடந்தது. இந்தியாவில் சிவிங்கிப்புலி (சீட்டா) அற்றுப்போனதாக 1952இல் அறிவித்தார்கள். 2022 செப்டம்பரில்தான் நமீபியாவிலிருந்து எட்டைக் கொண்டுவந்து மத்தியப் பிரதேசத்துக் குனோ காட்டில் விட்டார்கள். (அதையும் 'சிறுத்தை' என்று எழுதிய பத்திரிகைகள் உண்டு. வில்பத்துச் சிறுத்தை வேறு. இது கண்ணிலிருந்து வாய்வரை கறுப்புக் கோடு இறங்கும் வேறு சாதி.) அதற்கெல்லாம் முதல், 2010இல், பத்து இடங்களைப் பார்த்து எடைபோட்டிருக்கிறார்கள். காட்டுக்குள் நேர்கோட்டில் நடந்து, கண்ணில் பட்ட ஒவ்வொரு மான் கூட்டமும் எவ்வளவு தூரத்தில், எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று குறிப்பார்களாம். அதிலிருந்துதான் இரை எவ்வளவு என்று தெரியவரும். அப்புறம் தண்ணீர், சுற்றியுள்ள ஊர்கள், ஆடு மாடு. முன்பு அழியக் காரணமானது எதுவோ, அது இன்னும் அங்கே இருக்கிறதா என்பதும்.

748 சதுர கிலோமீற்றர் குனோவுக்கே 21 சிவிங்கிதான் தாங்கும் என்று கணக்கிட்டார்களாம். எங்கள் கோட்டையோ கடலுக்குள் நீட்டிய ஒரு முனை.

எனக்கு உறைத்தது வேறொரு எண். குனோவை முதலில் ஒதுக்கியது குஜராத்தின் கிர் காட்டுச் சிங்கங்களுக்காக. அதற்காக 24 ஊர்ச் சனங்களை அங்கிருந்து எழுப்பி அனுப்பினார்கள். சிங்கம் வரவேயில்லை. ஊரைவிட்டு எழும்பிப் போவது என்னவென்று திருமலைக்காரருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அதன்பின் சிறுத்தைப் பேச்சை நான் எடுக்கவில்லை.

கும்பிட்டு இறங்கும்போதும் அந்த மான் அங்கேயே நின்றது. மருமகன் குனிந்து, வாயில் தொங்கிய பையின் நுனியை மெல்ல இழுத்தான். பாதி வந்தது. மீதியை அது விழுங்கிவிட்டது.