விண்ணப்பம் போடாத வீட்டுப் பிள்ளைகள்

டெக்சாஸில் ஒரு பொதுப் பள்ளி மாவட்டத்தில் (ஒரு வட்டாரத்தின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு அது) ஜி.டி. ஆசிரியையாக வேலை பார்க்கிறேன். ஜி.டி. என்றால் 'கிஃப்டட் அண்ட் டேலண்டட்', அதாவது மீத்திறன் கொண்ட பிள்ளைகளுக்கான பிரிவு. இந்தப் பிள்ளைகளுக்கு இன்னது செய்தே ஆக வேண்டும் என்று அமெரிக்க மத்திய அரசு சட்டம் எதுவும் போடவில்லை. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு 1975-லேயே அப்படி ஒரு சட்டம் வந்துவிட்டது. மீத்திறன் பிள்ளைகளுக்காக 1988-இல் வந்த ஜாவிட்ஸ் சட்டம் ஆராய்ச்சிக்கும் முன்னோடித் திட்டங்களுக்கும் கொஞ்சம் பணம் தருகிறது, அவ்வளவுதான். மற்றதெல்லாம் மாநிலத்தின் பாடு. டெக்சாஸ் பரவாயில்லை. ஒவ்வொரு மாவட்டமும் இந்தப் பிள்ளைகளைக் கண்டறிந்து தனிப் பாடம் தர வேண்டும். அதை நடத்தும் ஆசிரியருக்கு 30 மணி நேரப் பயிற்சி, அப்புறம் ஆண்டுதோறும் 6 மணி நேரம்.

காகிதத்தில் எல்லாம் சரிதான். சிக்கல் 'கண்டறிவது' என்ற இடத்தில்தான்.

பெற்றோரோ ஆசிரியரோ பரிந்துரைப் படிவம் கொடுத்தால் அந்தக் குழந்தைக்குத் தேர்வு வைப்போம். படிவங்கள் வந்து குவியும்போதே எந்தத் தெருவிலிருந்து வருகின்றன என்று எனக்குத் தெரிந்துவிடும். நம் ஊர்ப் பெற்றோர் இதில் கெட்டிக்காரர்கள். சிந்திக்கும் திறனை அளக்கும் 'கோகேட்' தேர்வுக்கான பயிற்சிப் புத்தகங்களை வாங்கி, கோடை விடுமுறையிலேயே பிள்ளையை உட்கார வைத்துவிடுவார்கள். பிள்ளைக்காகப் பாடுபடுவதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வடிவங்களைச் சுழற்றிப் பார்க்கும் கேள்வியை நூறு முறை பழகிய பிள்ளையும், அதை முதல் தடவையாகப் பார்க்கும் பிள்ளையும் ஒரே மதிப்பெண் வாங்கினால் இரண்டும் ஒன்றா? அட்டவணையில் ஒன்றுதான்.

ஆசிரியர் பரிந்துரையிலும் ஓட்டை உண்டு. கையெழுத்து அழகாக இருக்கும், வீட்டுப்பாடம் தவறாது, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் பிள்ளையைத்தான் பலரும் அனுப்புகிறார்கள். இரண்டாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். வீட்டில் ஸ்பானிஷ் மட்டும். 'வேலையை முடிக்க மாட்டான், பக்கத்துப் பிள்ளைகளைத் தொந்தரவு செய்வான்' என்பதுதான் அவனைப் பற்றிய பேச்சு. அவன் நோட்டுப் புத்தகத்தின் பின்பக்கத்தில் பள்ளிப் பேருந்து நிற்கும் இடங்களைப் படமாக வரைந்து, எந்த வரிசையில் போனால் தான் சீக்கிரம் வீடு சேரலாம் என்று பல வழிகளைப் போட்டுப் பார்த்திருந்தான். அவனுக்காக யாரும் படிவம் தரவில்லை. அந்த ஆண்டு இரண்டாம் வகுப்பு முழுவதற்கும் பொதுவாகத் தேர்வு வைத்ததால்தான் அகப்பட்டான். படங்களை வைத்துக் கேட்கும் பகுதியில் அவன் மதிப்பெண் உச்சத்தில் இருந்தது. சொற்களை வைத்துக் கேட்கும் பகுதியில் சராசரிதான். இரண்டையும் கூட்டிச் சராசரி பார்த்திருந்தால் அவன் பெயர் பட்டியலிலேயே வந்திருக்காது.

எல்லாருக்கும் தேர்வு வைப்பது வீண் செலவு என்று நிதிக் கூட்டத்தில் யாராவது சொல்லாமல் இருக்க மாட்டார்கள். நான் ஃபுளோரிடாவின் ப்ரோவர்ட் கவுண்டியைச் சொல்வேன். பெரிய மாவட்டம். 2005-இல் அங்கே இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரையும் சோதிக்கத் தொடங்கினார்கள். ஏழை வீட்டுப் பிள்ளைகள், கறுப்பின, ஹிஸ்பானியப் பிள்ளைகள் கணிசமாகக் கூடுதலாகத் தேர்வானார்கள். நிதி நெருக்கடியில் திட்டத்தை நிறுத்தியதும் எண்ணிக்கை பழையபடி சரிந்தது. இதைவிடத் தெளிவாக யார் எடுத்துச் சொல்ல முடியும்?

சரி, கண்டுபிடித்தாயிற்று. அப்புறம்? பல பள்ளிகளில் வாரத்தில் கொஞ்ச நேரம் தனி அறைக்குக் கூட்டிப்போவதோடு கதை முடிகிறது. மற்ற நேரமெல்லாம், சீக்கிரம் முடித்தவனுக்கு இன்னொரு பயிற்சித்தாள். இது தண்டனை, பிள்ளைகள் இதைப் புரிந்துகொண்டு மெதுவாக எழுதப் பழகிவிடுகிறார்கள். பாடம் தொடங்கும் முன்பே ஒரு சிறு தேர்வு வைத்து, தெரிந்ததை விட்டுவிட்டு மேலே போகச் சொல்லும் முறை பல காலமாக இருக்கிறது. அதிகப் பணமும் வேண்டாம். ஆனால் மாநிலத் தேர்வை நினைத்துப் பயப்படும் ஆசிரியருக்கு ஒரு பக்கத்தைக்கூட விட மனம் வராது. ஒரு வகுப்பைத் தாண்டி மேலே போடலாம் என்றாலோ, பெரியவர்கள் எல்லாரும் 'பாவம், சின்னப் பிள்ளை' என்கிறார்கள். ஆராய்ந்து அனுப்பப்பட்ட பிள்ளைகள் பெரும்பாலும் நன்றாகவே தேறுகிறார்கள் என்று ஆய்வுகள் சொன்னாலும் அந்தப் பயம் போவதில்லை. எனக்குச் சலிப்பு தருவது இதுதான்.

பேருந்துப் பையனின் அம்மாவை, மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு சந்தித்தேன். முதலில் கேட்டது, இதற்குக் கட்டணம் எவ்வளவு என்று. ஒன்றும் இல்லை என்றேன். மகன் என்ன தப்பு செய்தான் என்று அடுத்துக் கேட்டார். பள்ளியிலிருந்து அதுவரை போன அழைப்புகள் அப்படி. அவன் வரைந்த படத்தைக் காட்டி விளக்கினேன். கிளம்பும்போது, கிண்டர்கார்டனில் தன் மகளும் படிக்கிறாள், அவளுக்கும் இந்தத் தேர்வு உண்டா என்று கேட்டார். ஸ்பானிஷ் படிவம் கையிலேயே இருந்தது. அங்கேயே உட்கார்ந்து நிரப்பினார்.