பஞ்சு அடைத்த காது

இன்று பார்த்தேன். இரண்டு காதிலும் பஞ்சை உருட்டி அடைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். காதுக்குள் 'ஙொய்' என்று ஓயாத இரைச்சலாம். வெளிச்சத்தம் குறைந்தால் அதுவும் அடங்கும் என்று நினைத்திருக்கிறார்.

நடப்பது நேர்மாறு.

உள்காதிலுள்ள நுண்மயிர்ச் செல்கள் பழுதானால் மூளைக்குப் போகும் ஒலி குறைகிறது. அந்தக் குறையை ஈடுகட்ட மூளை தன் பக்கத்து வால்யூமைக் கூட்டிக்கொள்கிறது. பெரும்பாலும் காதிரைச்சல் என்பது அதுதான். பஞ்சு வைத்தால் வெளியொலி இன்னும் குறையும், உள்ளே இரைச்சல் இன்னும் தூக்கலாகத் தெரியும்.

அதனால், தயவுசெய்து முழு நிசப்தத்தில் படுக்காதீர்கள். மின்விசிறியோ மழைச்சத்தமோ மெல்ல ஓடட்டும். இரைச்சலை மூழ்கடிக்கும் அளவுக்கு வேண்டாம். அதைவிட ஒரு படி கீழே, இரண்டும் கலந்து கேட்கிற மாதிரி. அப்போதுதான் மூளை அதைப் பொருட்படுத்தாமல் இருக்கப் பழகும். மாதக்கணக்கில் ஆகும், பாதியில் விட்டுவிடாதீர்கள்.

கேட்கும் திறன் குறைந்திருந்தால், காதுக் கருவி மாட்டியதுமே பலருக்கு இரைச்சல் தணிகிறது.

பட்ஸ் விட்டுக் குடையவே வேண்டாம். காதழுக்கு உள்ளே போய் இறுகினாலும் இரைச்சல் வரும். இது சுலபமான வகை, மருத்துவர் எடுத்துவிட்டால் பெரும்பாலும் போய்விடும்.

ஒரே காதில் மட்டும் இரைந்தாலோ, நாடித்துடிப்போடு சேர்ந்து அடித்தாலோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் அன்றே ஓடுங்கள். ஸ்டீராய்டு சிகிச்சையை முதல் 2 வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம்.