மோட்டார் போடலாமா, வேண்டாமா?

நம் பள்ளியின் பழைய மாணவர் சங்க மலருக்கு எழுதச் சொல்லிச் செயலாளர் கேட்டார். பிரம்படி, விளையாட்டு விழா, சென்னிமலைக்கு நடந்து போனது எல்லாம் போன மலர்களிலேயே தீர்ந்துவிட்டன. அதனால் நம் ஆங்கில வாத்தியார் நடத்திய பொடிச் சொற்களைப் பற்றி எழுதுகிறேன். ஃபியூ, எ ஃபியூ, ஈச், எவ்ரி, அதர், அனதர். பரீட்சையில் இவற்றுக்குப் பெரிய மார்க் கிடையாது. ஆனால் வெளிநாடு வந்து, துணி வாங்கும் கம்பெனியில் உட்கார்ந்த பிறகு தெரிந்தது: கடிதங்களில் வம்பு வருவது பெரும்பாலும் இவற்றால்தான்.

வாத்தியாருக்கு விவசாயமும் உண்டு. லிட்டில், எ லிட்டில் பாடத்தைக் கிணற்றில்தான் தொடங்கினார்.

"கெணத்துல தண்ணி லிட்டில்னா என்ன பண்ணுவீங்க?"

வகுப்பே முழித்தது.

"மோட்டார் போட மாட்டீங்க. போட்டா மோட்டார் போயிரும். எ லிட்டில்னா? அரை மணி நேரம் ஓட்டி, கத்திரிக்காவது பாய்ச்சிடலாமுங்க சாமி."

கிணற்றில் தண்ணீரின் அளவு இரண்டு தடவையும் ஒன்றாகவே இருக்கலாம். சொல்கிறவர் கையை விரிக்கிறாரா, இன்னும் இருக்கிறது என்கிறாரா என்பதுதான் வித்தியாசம். எண்ண முடியாத தண்ணீருக்கும் பாலுக்கும் லிட்டில். எண்ணக்கூடிய ஆட்டுக்கும் மூட்டைக்கும் ஃபியூ. அப்புறம் எந்த வாக்கியம் வந்தாலும் "மோட்டார் போடலாமா, வேண்டாமா?" என்ற ஒரே கேள்விதான்.

திருப்பூரிலிருந்து ஒரு பனியன் கம்பெனி எங்களுக்கு ஒருமுறை எழுதியது: 'ஃபியூ பீசஸ் ஹேவ் ஆயில் ஸ்டெயின்ஸ்.' எங்கள் மேனேஜர் வெள்ளைக்காரர். எண்ணெய்க் கறை அநேகமாக எதிலும் இல்லை என்று படித்துக்கொண்டு, அனுப்பச் சொல்லிவிட்டார். பெட்டிகளைப் பிரித்தால் கறை. போன் போட்டுக் கேட்டதற்கு, "அதான் முன்னாடியே சொன்னமுங்களே" என்றார் முதலாளி. உண்மையில் அவர் சொல்லத்தான் செய்தார். சில பீசில் கறை இருக்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டுத்தான் எழுதியிருக்கிறார். ஒரு 'எ' விட்டுப் போயிற்று, அவ்வளவுதான். ஊர்ப் பேச்சைக் கேட்டதில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம். அதை மேனேஜருக்கு விளக்குவதற்குள்தான் போதும் போதும் என்றாகிவிட்டது.

மை, மைன் பாடத்துக்கு வாத்தியார் ஆங்கிலப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. 'என் வீடு' என்பதை நம் ஊரில் 'என்ற ஊடு' என்கிறோம். என்னுடையது என்பதற்கு 'இந்த ஊடு என்றது' என்றும் சொல்கிறோம். 'என்ற' தனியாக நிற்காது, பின்னால் ஊடோ மாடோ வந்தாக வேண்டும். 'என்றது' தனியாக நிற்கும். மைக்கும் மைனுக்கும் அதே கதைதான். இல்லை என்று சொல்லும் 'நோ'வும் 'நன்'னும் அப்படியே. சென்னையிலிருந்து மாற்றலாகி வந்த பையன் ஒருவன் மட்டும் "சார், என்றதுன்னா என்ன சார்?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். பாவம், அவனுக்கு அன்றைக்கு இரண்டு மொழிப் பாடம்.

ஈச்சும் எவ்ரியும் இதே வழியில்தான் பிரிகின்றன. ஈச் தனியாகவும் நிற்கும்; எவ்ரிக்குத் துணை வேண்டும். 'ஈச் ஆஃப் த பாய்ஸ்' சரி, 'எவ்ரி ஆஃப் த பாய்ஸ்' கிடையாது. ஆள் இரண்டு பேர் என்றால் ஈச்தான். எவ்ரிக்கு மூன்றாவது வேண்டும். 'ஈச் அண்ட் எவ்ரி' என்று சேர்த்து முழங்குவதில் நம்மவர்களுக்கு ஒரு தனி ருசி. மேடையில் இருக்கட்டும், கடிதத்தில் ஏதாவது ஒன்று போதும்.

எவ்ரி அதர் வந்தபோது வாத்தியார் கீழ்பவானி வாய்க்காலுக்குப் போனார். நம் பையன்களில் பாதிப் பேருக்கு அதுதான் சோறு. மொத்தப் பாசனம் 2,07,000 ஏக்கர்; ஆனால் ஒரு போகத்துக்குத் தண்ணீர் 1,03,500 ஏக்கருக்குத்தான். இந்தப் போகம் ஒற்றைப்படை மதகு திறந்தால் அடுத்த போகம் இரட்டைப்படை மதகு. "எவ்ரி ஸ்லூஸ்னா எல்லாருக்கும் தண்ணி. எவ்ரி அதர் ஸ்லூஸ்னா உங்களுக்கு உண்டு, பக்கத்து மதகுக்காரருக்கு இல்லைங்க." கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், "எங்களுக்கு ரெண்டு போகத்துலயும் வர்றதில்லைங்க சார்" என்றான். கடைமடைக்காரன். அதற்கு இலக்கணத்தில் பதில் இல்லை; வாத்தியாரும் சிரித்துவிட்டு அடுத்த பக்கம் புரட்டினார்.

அதே வாய்க்கால்கரையில்தான் ஈதரும் வந்தது. ஈதர் பேங்கில் தென்னை என்றால் இரண்டு கரையிலும் தென்னை. அழகான பிரயோகம்தான், ஆனால் ஆர்டர் தாளில் அது ஆபத்து. 'பிரிண்ட் ஆன் ஈதர் சைடு' என்று எழுதினால் ஒருவர் முன்னும் பின்னும் அச்சடிப்பார், இன்னொருவர் ஏதோ ஒரு பக்கம் அடித்துவிட்டு நிறுத்திக்கொள்வார். இரண்டு பேரையும் குற்றம் சொல்ல முடியாது. போத் சைட்ஸ் என்றே நான் எழுதச் சொல்கிறேன். அனதரும் அப்படித்தான். 'ஒன் ஸ்லீவ் இஸ் லாங்கர் தேன் அனதர்' என்று தர அறிக்கையில் வரும். சட்டைக்கு இரண்டு கைதானே, மிச்சம் இருப்பது த அதர். அனதர் என்றால் மூன்றாவது கை எங்கே என்று தேட வேண்டும்.

இட்ஸ் பற்றி ஒன்று மட்டும். எஸ்ஸுக்கு முன்னால் மேற்கொம்பு, அதாவது அப்பாஸ்ட்ரஃபி, போட்டால் இட் இஸ் அல்லது இட் ஹேஸ். உடைமைக்குக் கொம்பு இல்லை, ஹிஸ்ஸுக்கு இல்லாதது போலவே. அந்த உடைமைச் சொல் அப்படியொன்றும் பழையதும் இல்லை. 1611-இல் முதலில் அச்சான ஜேம்ஸ் மன்னர் பைபிளில் அது கிடையாது. அதற்குப் பின்னும் நெடுங்காலம் படித்த ஆங்கிலேயர்களே கொம்பு போட்டுத்தான் உடைமையை எழுதினார்கள். ஆகவே இதில் தடுமாறுகிறவர்களை நான் கோபிப்பதில்லை.

நம் சங்கத்தின் இந்த வருட ஆங்கிலச் சுற்றறிக்கையில் 'ஃபியூ மெம்பர்ஸ் ஹேவ் நாட் பெய்ட் தேர் சப்ஸ்கிரிப்ஷன்' என்று இருக்கிறது. அதாவது, சந்தா கட்டாதவர் அநேகமாக யாருமே இல்லை. பொருளாளரிடம் கேட்டேன், பாதிக்கு மேல் பாக்கியாம். அப்படியானால் 'எ' சேர்த்தாலும் பற்றாது, மெனி என்றே போடுங்கள் என்றேன். "சும்மா இருங்க. மெனின்னு போட்டா, நம்ம மட்டும் ஏன் கட்டோணும்னு, வர்றதும் வராமப் போயிருமுங்க" என்றார்.