பலகை எழுதியவரின் படம்

இன்று காலைப்பொழுது முழுக்க ஷேரி சம்பாவின் ஓவியங்களோடுதான் போனது. காங்கோக்காரர். 1972இல் கின்ஷாசாவில் கடைப் பெயர்ப்பலகை எழுதக் கற்றுக்கொண்டவர். 1975இல் சொந்தப் பட்டறை. வரைந்ததைத் தெருவைப் பார்த்தபடி வாசலில் மாட்டினார். ஆட்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டு நடையைக் கட்டினார்கள். சரி என்று படத்துக்குள்ளேயே பிரெஞ்சிலும் லிங்காலாவிலும் எழுத ஆரம்பித்தார். படிக்கவாவது நிற்பார்கள் இல்லையா! பலகைத் தொழில் தந்த மூளை.

எனக்குப் பிடித்தது 2003இல் அவர் வரைந்த 'எனக்கு நிறம் பிடிக்கும்'. நீல வானத்தின் முன்னால் அவருடைய தலையே, ஆரஞ்சுத் தோலை உரித்தது போலச் சுருள் சுருளாக விரிகிறது. இடைவெளியில் தெரிவதும் வானம்தான். பல்லிடுக்கில் பெயிண்ட் சொட்டும் தூரிகை. ஃபோனில் பெரிதாக்கி அந்தச் சொட்டைப் பாருங்கள்.