பாட்டு, கிலுகிலுப்பை, கொஞ்சம் பொறுமை: சேலம் நாட்குறிப்பு

ஜூலை 3, 2025, செவ்வாய்ப்பேட்டை

ஆறு மாதம் முதல் ஒன்றரை வயது வரையுள்ள குழந்தைகளுக்கான பாட்டுக் குழு. ஒரு வேளைக்கு ஆறு குழந்தைகள், ஒவ்வொன்றுக்கும் வீட்டுப் பெரியவர் ஒருவர், 30 நிமிடம். அதைத் தாண்டினால் பசியும் தூக்கமும் முந்திக்கொள்ளும். வரிசை மாறுவதே இல்லை: பெயர் சொல்லி அழைக்கும் பாட்டு, மடியாட்டம் (மடியில் வைத்துத் தாளத்துக்கு ஆட்டுவது), கிலுகிலுப்பை, தாலாட்டு, விடைபெறும் பாட்டு. வாராவாரம் புதுப் பாட்டு கேட்கிற பெற்றோர் உண்டு, கொடுப்பதில்லை. அடுத்து என்ன வரும் என்று குழந்தை எதிர்பார்க்கத் தொடங்க வேண்டும், அதற்குப் பழகிய பாட்டுதான் வேண்டும்.

தகரக் கூரை, வெறும் சுவர், ஏகத்துக்கும் எதிரொலி. பழைய புடவைகளைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கொடியில் தொங்கவிட்டு, தரையில் ஜமுக்காளம் விரித்தால் பெருமளவு அடங்கும். சுவரோடு ஒட்டித் தொங்கவிட்டால் பலன் குறைவு.

ஜூலை 10

கிலுகிலுப்பை செய்த நாள். 100 மில்லி பிளாஸ்டிக் புட்டி, கால் பாகம் ஜவ்வரிசி. சேலத்தில் அதற்கா பஞ்சம்! பாதிக்கு மேல் நிரப்பினால் உருள இடமில்லாமல் ஓசை மழுங்கும். திடுக்கிட்டு அழுகிற குழந்தைக்குக் கேழ்வரகு போட்டால் ஓசை மெத்தென்று இருக்கும். மூடியின் மரையில் எபாக்ஸி பசை தடவி, இறுக்கி, ஒரு நாள் காயவிட்டு, மேலே துணி டேப். பிறகு இடுப்பு உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் ஐந்து முறை போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு மணி சிதறினாலும் அந்தப் புட்டி குப்பைக்கு.

குன்றிமணி வேண்டவே வேண்டாம். பார்க்க அழகு, உள்ளே நஞ்சு. பட்டன் பேட்டரி போட்ட பாட்டுப் பொம்மையும் அப்படித்தான்: விழுங்கிவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துபோகலாம்.

காலில் கிடக்கும் கொலுசு நல்ல கருவி. மூன்று, நான்கு மாதக் குழந்தை உதைக்கும்போதெல்லாம் ‘சல்’ என்று கேட்டால், தன் கால்தான் அந்தச் சத்தத்தை எழுப்புகிறது என்று மெல்லப் பிடிபடும். வாரம் ஒருமுறை ஒவ்வொரு முத்தையும் நகத்தால் இழுத்துப் பாருங்கள். ஆடுகிற முத்து வாய்க்குள் போகிற முத்து.

ஜூலை 17

மடியாட்டத்தைச் செல்போனில் காட்டினால் போதாதா என்று ஓர் அப்பா கேட்டார். போதாது. 2005-இல் கனடாவில் ஃபிலிப்ஸ்-சில்வர், டிரெய்னர் என்ற இரு ஆய்வாளர்கள் ஏழு மாதக் குழந்தைகளுக்கு அழுத்தமே இல்லாத ஒரு தாளத்தைப் போட்டு, சிலரை இரண்டு தட்டுக்கு ஒருமுறையும் சிலரை மூன்று தட்டுக்கு ஒருமுறையும் தூக்கி ஆட்டினார்கள். பிறகு, தாங்கள் ஆடிய விதத்தில் அழுத்தம் விழும் தாளத்தையே குழந்தைகள் கூடுதல் நேரம் கேட்டன. பிறர் ஆடுவதைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்த குழந்தைகளிடம் இது வரவில்லை. இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்குத் திரையே வேண்டாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னதும்.

இன்று கூடுதல் நேரம் எடுத்தது நிறுத்தம். வரியின் கடைசிச் சொல்லைப் பாடாமல் விட்டு, முகம் பார்த்து, மனதுக்குள் பத்து எண்ண வேண்டும். ஏழு மாதக் குழந்தை ஒன்று: மூன்றில் கால் ஆட்டம் நின்றது, ஐந்தில் புருவம் ஏறியது, ஏழில் உதடு குவிந்தது, எட்டில் அம்மாயி (அம்மாவின் அம்மா) விரலைச் சொடுக்கிவிட்டார். அவ்வளவுதான், பார்வை விரலுக்குப் போய்விட்டது. “பொறுங்க அம்மாயி, பாப்பாவே கேக்கும்” என்றபின் அடுத்த முறை பத்துக்குள் ஒரு ‘ஆ’ வந்தது. பெரியவர்களுக்கு அந்த மௌனம் கூச்சமாக இருக்கிறது. குழந்தைக்கு அதுதான் பேச்சில் தன் முறை.

கைதட்டல்: குழந்தைப் பருவங்களைப் பாடும் பிள்ளைத்தமிழ் இலக்கியம், கைகொட்டும் சப்பாணிப் பருவத்தை ஒன்பதாம் மாதத்தில் வைக்கிறது. இன்றும் ஏறக்குறைய அப்போதுதான் தொடங்குகிறது. ஒரு வயது வரை பொறுக்கலாம்.

ஜூலை 19, ஏற்காடு

மூடுபனி. ஜவ்வரிசி ஈரம் இழுத்துக் கட்டியாகிவிட்டது. மலைக்குக் கொண்டுபோவதற்கு முன் வெறும் வாணலியில் வறுத்து, ஆறவிட்டு அடைக்க வேண்டும்.

அழுகிற குழந்தைக்கு எடுத்த எடுப்பில் மெதுவான தாலாட்டு வேலை செய்யாது. அழுகையின் வேகத்துக்கும் உரப்புக்கும் சற்றுக் கீழே தொடங்கி, இரண்டு வரிக்கு ஒருமுறை வேகத்தையும் குரலையும் இறக்க வேண்டும். ஓய்வான தாலாட்டு நிமிடத்துக்கு 60 தட்டை ஒட்டி வந்து நிற்கும். அவசரப்பட்டு இறக்கினால் குழந்தை மறுபடி வீறிடும். அப்போது ஒரு படி ஏறிவிட்டு இறங்குங்கள்.

புடவைத் தொட்டிலின் வேகத்தைக் கை முடிவு செய்வதில்லை, நீளம்தான் முடிவு செய்கிறது. கொக்கியிலிருந்து குழந்தை வரை ஒரு மீட்டர் என்றால் போய்வர இரண்டு நொடி, போக ஒரு தட்டு, வர ஒரு தட்டு: சரியாக 60. இரண்டு மீட்டர் என்றால் சுமார் 42. பாட்டை அதற்கு இசைய வைக்க வேண்டும். எதிர்த்துப் பாடினால் கை தொட்டிலை வெட்டி இழுக்கும். குழந்தையின் முகம் எப்போதும் தெரிய வேண்டும், தாடை நெஞ்சில் மடியக் கூடாது. தூங்கியதும் தட்டையான படுக்கைக்கு மாற்றுங்கள்.

ஜூலை 31

ஆடித் திருவிழா. தெருவுக்குத் தெரு ஒலிபெருக்கி, பம்பை, பறை. குழு இன்று இல்லை. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பானால் சத்தம் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும், ஆகவே முதல் மருந்து விலகி நிற்பது. காதில் பஞ்சு வைப்பது பெயருக்குத்தான். குழந்தை அளவு காதுக்கவசம் வாங்குங்கள்.

ஆகஸ்ட் 7

ஆட்டிசம் உள்ள குழந்தைக்குப் பாட்டு குணம் தருமா என்ற கேள்வி மறுபடி வந்தது. 2017-இல் 9 நாடுகளில் 364 குழந்தைகளிடம் நடந்த ஆய்வில், வழக்கமான கவனிப்போடு இசை சிகிச்சையைச் சேர்த்தும் அறிகுறிகளின் தீவிரத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. சேர்ந்து விளையாட, முகம் பார்க்கப் பாட்டு ஒரு வழி. அந்த அளவுக்கு மட்டும் நம்பிக்கை கொடுக்கலாம்.

பாட்டுக்குச் சிரிக்கிறது, ஆகவே காது கேட்கிறது என்று முடிவு கட்ட வேண்டாம். முகத்தைப் பார்த்தும் மடியின் அசைவிலும் குழந்தை சிரிக்கும். ஆறு மாதத்தில் பின்னாலிருந்து வரும் சத்தத்துக்குத் திரும்பாவிட்டால், பத்து மாதத்தில் ‘பபா’, ‘மமா’ போன்ற மழலை வராவிட்டால், அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போங்கள். செவித்திறன் சோதனைக்குக் குழந்தை அசையாமல் இருக்க வேண்டும். அதனால் வழியில் தூங்கவிடாமல், அங்கே போய்ப் பால் கொடுத்துத் தூங்கவையுங்கள்.