பொம்மையைப் பார்த்து ஆடக் கற்றவர்கள்

பர்மிய நடனம் என்றால் பட்டு, பூ, சிரித்த முகம், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டுதான் மண்டலேயில் அந்தச் சின்ன அரங்குக்குள் போனேன். முதலில் பொம்மை ஆடியது. இடுப்பளவு திரைக்குப் பின்னால் ஒருவர் குனிந்து நின்று கயிறுகளை இழுக்க, இளவரசிப் பொம்மை கையை மடக்கி, தலையைச் சட்டென்று ஒரு பக்கம் வெட்டி நின்றது. சரி, நம் ஊர் பொம்மலாட்டம் மாதிரிதானே என்று உட்கார்ந்திருந்தேன். அப்புறம் அதே உடையில் ஒரு பெண் வந்து அதே ஆட்டத்தை ஆடினாள். முழங்கை வெட்டி வெட்டி மடங்குகிறது, முழங்கால் கடைசிவரை நிமிரவே இல்லை. முடிக்கிற இடத்தில் யாரோ கயிற்றை விட்டுவிட்டதைப் போல அப்படியே தரையில் சரிந்துவிட்டாள்.

பொம்மை மனிதரைப் பார்த்து ஆடும் என்றுதானே நினைப்போம்? அங்கே தலைகீழ். அரசர் காலத்தில் பொம்மலாட்டத்துக்குத்தான் மரியாதை. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அதை ஒழுங்குபடுத்த ஊ தோ என்று ஒரு அமைச்சரே இருந்திருக்கிறார். பொம்மைக்கு உயர்ந்த மேடை, மனிதர்களுக்கு வெறும் தரை. அதனால் நல்ல ஆட்டம் என்றால் பொம்மை மாதிரி ஆடுவது என்றே ஆகிவிட்டது.

எனக்குக் கண்ணில் நிற்பது அவள் கட்டியிருந்த கைலிதான். அதன் வெள்ளை ஓரம் பாதத்துக்குப் பின்னால் தரையில் நீளமாக இழுபட்டது. ஒவ்வொரு முறை திரும்பும்போதும் குதிகாலால் அதை ஒரு உதை உதைத்துப் பின்னால் தள்ளிவிட்டுத்தான் அடுத்த அடி வைக்கிறாள். ஒரு தடவை தவறினாலும் தடுக்கி விழ வேண்டியதுதான், ஆனால் அந்த உதையே நடனத்தில் ஓர் அசைவு!

பக்கத்தில் சைங் வைங் என்கிற வாத்தியக் குழு. 21 மத்தளங்கள் வட்டமாக நிற்க, நடுவில் ஒருவர் உட்கார்ந்து அடிக்கிறார். நம் மிருதங்கத்தின் தொப்பியில் ரவை பூசுவது போல அவர்கள் சோற்றையும் சாம்பலையும் பிசைந்து அப்பி சுருதி சேர்க்கிறார்கள்.

ராமாயணமும் உண்டு. 1767-ல் சயாமின் (இன்றைய தாய்லாந்து) தலைநகரான அயுத்தியாவைப் பிடித்த பர்மியப் படை அங்கிருந்த கலைஞர்களையும் பிடித்துக்கொண்டு வந்தது, அவர்கள் மூலம் செழித்த கூத்து இது. ராமன் அங்கே யாமா, சீதை திதா.

சுற்றுலாப் பயணிகளுக்கு இரவுச் சாப்பாட்டோடு காட்டும் நிகழ்ச்சிகளில் ஷான், கச்சின், கரேன் என்று நாட்டின் மற்ற இனங்களின் ஆட்டத்துக்கு ஆளுக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கி ஓட்டிவிடுகிறார்கள். ஷான் மக்களின் கின்னரி (பாதிப் பெண், பாதிப் பறவை) ஆட்டம் அதில் ஓரளவு தப்பிக்கும், இறக்கையை விரித்து ஆட ஒரு ஆள் போதும். கச்சின் மக்களின் மனா என்கிற திருவிழா ஆட்டத்தை எப்படி மேடையில் அடக்குவது? ஜனவரி 10 அன்று கச்சின் மாநிலத் தலைநகர் மிச்சீனாவில் பெரிய பெரிய வண்ணத் தூண்களை நட்டு, அதில் வரைந்திருக்கும் வளைந்த கோடுகளின்படியே நூற்றுக்கணக்கானவர்கள் வரிசையாக வளைந்து வளைந்து ஆடிப் போவார்கள். முன்னால் போகிறவர்கள் தலையில் இருவாச்சி அலகும் இறகும், ஆண்கள் கையில் வாள். நான் வீடியோவில்தான் பார்த்திருக்கிறேன். ஆவிகளுக்குப் பலி கொடுத்து ஆடியது அது, இன்று பெரும்பாலான கச்சின்கள் கிறிஸ்தவர்கள், ஆனாலும் ஆட்டத்தை விடவில்லை.

யாங்கோனில் ஒரு பகோடா திருவிழாவில் ஸாட் ப்வே என்கிற, விடிய விடிய நடக்கும் கூத்தைப் பார்க்கவும் போனேன். கூட வந்தவர் அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். பாய் விரித்து, டிபன் பாக்ஸ் திறந்து, குழந்தைகளைப் படுக்கப் போட்டுக் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருக்கிறார்கள். சினிமாப் பாட்டு, பகடி, நடுநிசிக்கு மேல் நாயகனும் நாயகியும் சேர்ந்து ஆடும் ஆட்டம் என்று போய்க்கொண்டே இருந்தது. காலையில் பஸ் இருந்ததால் 2 மணிக்குக் கிளம்ப எழுந்தேன்.

"என்ன தம்பி கிளம்பிட்டீங்க, நாடகமே இனிமேதான் ஆரம்பம்" என்றார் அவர், நகர்ந்து உட்கார இடம் விட்டபடி.